பார்த்துக்கொள்கிறேன் என்றவள்

அமராவதியின் இடது முழங்கையிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர் சொட்டியது ஒரு திங்கட்கிழமை காலையில், மூன்றாவது மாடி லலிதகுமாரி தன் வீட்டுக் குளியலறைக் கூரை ஒழுகுவதைச் சொல்லி அலுவலக மேசையை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது.

கோயம்புத்தூரில் சத்தி ரோட்டை ஒட்டி நிற்கும் நீலமேகம் ரெசிடென்சியின் இரண்டு கட்டடங்களுக்கும் சேர்த்து அந்த ஒரு அலுவலகம்தான். அது தரைத்தளத்தில் ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு அமராவதி. கதவில் ஒட்டியிருந்த பலகை அவளை மேனேஜர் என்று சொன்னாலும், அங்கே குடியிருந்தவர்களுக்கு அவள் ஆபீஸ் லேடிதான். தண்ணீர் வராவிட்டாலும், தண்ணீர் அதிகமாக வந்தாலும், மேல்வீட்டுக் குழந்தை ஓடினாலும், கீழ்வீட்டுக் கருவாடு மணத்தாலும், மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும், அவர்கள் செருப்புச் சத்தத்தோடு படியிறங்கி வந்து அவள் முகத்துக்கு நேராக நின்று கத்தினார்கள். வீட்டில் கணவனிடம் கத்த முடியாதவர்களும் கம்பெனியில் மேலதிகாரியிடம் கத்த முடியாதவர்களும்கூட அங்கே வந்து வாய்விட்டுக் கத்திவிட்டு இலேசாகித் திரும்பிப் போனார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"எத்தன தடவைதான் சொல்றது?" என்றாள் லலிதகுமாரி. "உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா? குளிச்சிட்டு நிக்கறப்ப அழுக்குத் தண்ணி என் தலையில விழுது. மறுபடியும் குளிக்க வேண்டியிருக்கு. நீங்க இங்க ஃபேன் காத்துல சொகமா உக்காந்திருக்கீங்க."

"சரிங்க மேடம். நான் பாத்துக்கறேன்," என்றாள் அமராவதி.

அந்தச் சொல் வாயை விட்டு வெளியேறிய நொடியில் அவளுடைய முழங்கை குளிர்ந்தது. ஒரு துளி மேசையில் விழுந்தது. அதன்பின் இன்னொன்று விழுந்தது. லலிதகுமாரி தன் கைப்பை நனையாமல் இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அப்போதே அவளுடைய கைபேசி அடித்தது. கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்று வீட்டு வேலைக்காரி சொன்னாள். "அப்பாடா, ஒரு வழியா," என்று சொல்லிவிட்டு லலிதகுமாரி போய்விட்டாள். அமராவதி ஒரு கையால் மற்ற கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிளம்பர் வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டாள். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அங்கேயே வேலை பார்ப்பவர் அவர். முழங்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, ஒரு துளியை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"பைப்புத் தண்ணி இல்லீங் அம்மிணி. குளிச்ச தண்ணி. மேல்வீட்டுத் தரையில எங்கியோ ஒடசல் இருக்குது."

"அது தெரியுதுங்ணா. என்ன பண்றது?"

"டேப்பு சுத்தி உடறன். ரொம்ப இறுக்கிச் சுத்துனா கை மரத்துப் போயிரும். கீழ ஒரு பக்கெட்டு வெச்சுக்குங்க."

அவர் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை முழங்கையில் சுற்றினார். சொட்டுவது குறைந்தது, நிற்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவளுடைய கணவன் சின்னராசு, கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், கிரீஸ் படிந்த கைகளைக் கழுவிவிட்டு வந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"வலிக்கல. எரிச்சலா வருது."

"வேலைய விட்டுரு."

"விட்டுட்டு? இன்னொரு அப்பார்ட்மென்ட்லதான் போய் உக்காரோணும். அங்கியும் இப்படித்தான் இருக்கும்."

அவன் ஒரு பிளாஸ்டிக் பையை முழங்கையில் மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டான்.

மறுநாள் ஏ கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனதாக ஒருவர் வந்து கத்தினார். அவள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேலே போனது. அமராவதியின் வலது முழங்கால் பாதி மடங்கிய நிலையில் நின்றுகொண்டது. அதற்கப்புறம் குடியிருப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் விஷயம் பரவிவிட்டது. யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. எல்லோருமே தங்களுக்கும் ஒரு புகார் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். பால்கனியை அசிங்கப்படுத்தும் புறாக்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள், புறாக்கள் வந்து அவளுடைய தோள்களில் உட்கார்ந்து எச்சமிட்டன. மேல்வீட்டில் உரலை உருட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அவளுடைய மார்புக்குள் நாளெல்லாம் எதுவோ உருண்டது. கழிவுநீர்த் தொட்டி நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போனார்கள், அன்றிலிருந்து பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. சுவரில் பாசி பிடிக்கிறது என்று ஒருத்தி சொல்ல, அமராவதியின் கழுத்துக்குக் கீழே பச்சையாக ஒரு படலம் ஏறியது. இவ்வளவும் அவளுடைய உடம்பில் இறங்க இறங்க, நீலமேகம் ரெசிடென்சி புதிதாய்க் கட்டியது போலப் பளபளத்தது. வீடு வாங்க வந்தவர்கள் இதைப்போல் பராமரிக்கப்பட்ட குடியிருப்பை ஊரிலேயே பார்த்ததில்லை என்றார்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சுதர்சனம், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், லலிதகுமாரிக்கு நேர் மேல்வீட்டுக்காரர், இதற்காகவே ஒரு கூட்டம் போட்டார். ஒரு மனுஷியின் முழங்கையிலிருந்து ஏன் தண்ணீர் வருகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காலையில் ஏ கட்டடம், மதியத்துக்கு மேல் பி கட்டடம், முண்டியடிக்கக் கூடாது, குழந்தைகள் புறாவைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஒருவர் எழுந்து அவள் லிஃப்டைப் பயன்படுத்தாமல் படியில் போனால் நாற்றம் பரவாது என்றார். அவளால் முழங்காலை நீட்ட முடியாதே என்று இன்னொருவர் சொல்ல, அப்படியென்றால் அவள் மாடிக்கே வரத் தேவையில்லையே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் ஆர்வமுள்ள ஒரு அம்மாள் சொட்டுகிற தண்ணீர் வீணாகிறதே என்று வருத்தப்பட்டாள். மறுநாள் அமராவதியின் முழங்கையில் ஒரு மெல்லிய குழாயை மாட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பாயவிட்டார்கள். ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புறாக்கள் பறக்காமல் இருக்கும்படி பார்த்துப் போர்த்தினார்கள்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. ஒருநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். பி கட்டடத்துக்காரர் ஒருவர் மோட்டார் சத்தத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் பேசவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. சுதர்சனம் வரவழைக்கப்பட்டார்.

"சொல்லுங்கம்மா," என்றார் அவர், குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் போல. "ஒரு வார்த்தைதானே. உங்க வேலையே அதுதானே."

"எனக்கு ஒடம்பு முடியலீங்க சார்."

"அதையும் பேசி ஒரு முடிவு எடுப்போம். மொதல்ல இவரு வேலைக்குப் போகணும், பாவம். சொல்லிடுங்க."

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னாள். அன்றிலிருந்து அவளுடைய பற்களுக்கிடையே ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்டது.

அவர்களிலே ஒருவர் மட்டும் கத்தாதவர். பி கட்டடத்தில் தனியாக இருந்த ஆவுடையப்பன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மனைவி போன பிறகு மகன் வாங்கிக் கொடுத்த வீட்டுக்குக் குடிவந்தவர். அவர் வாரம் தவறாமல் வந்து ஒரே புகாரைச் சொல்வார்: வீட்டு அழைப்பு மணி அடிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் போய்ப் பார்க்கும்போதெல்லாம் மணி நன்றாகத்தான் அடிக்கும்.

"அடிக்கத்தான் செய்யுது," என்றார் ஆவுடையப்பன் அன்று. "அவன் வந்து அமுக்கினா அடிக்கு. அவன் போயிட்டான்னா அடிக்க மாட்டேங்கு. என்னன்னு நீயே பாரும்மா." சொல்லிவிட்டு, அவளுடைய தோளில் இருந்த புறாவைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் யாரும் கேட்காமல், கட்டாயப்படுத்தாமல், தானாகவே பார்த்துக்கொள்கிறேன் அய்யா என்றாள். மறுநாளிலிருந்து அவளுடைய கைபேசி அடிக்கவில்லை. ஓசூரில் கல்லூரி விடுதியில் இருந்த மகள் கூப்பிட்டால்கூட மணி கேட்கவில்லை. மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்மேல் கோபம் என்று அப்பாவிடம் அழுதாள்.

எல்லாவற்றையும்விட மோசமானது அதற்கப்புறம்தான் நடந்தது. சங்கம் வெள்ளியங்கிரியையும் எலக்ட்ரீஷியனையும் வேலையை விட்டு நிறுத்தியது. பழுதே இல்லாத கட்டடத்தில் பழுது பார்ப்பவர்கள் எதற்கு என்று சுதர்சனம் கேட்டார். நியாயம்தானே என்று கூட்டம் சொன்னது. வெள்ளியங்கிரி தன் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"வர்றனுங் அம்மிணி. டேப்பு ஒரு சுருளு மேசை மேல வெச்சிருக்கறன். வாரத்துக்கு ஒருக்கா மாத்திக்குங்க."

"என்னாலதான் உங்க வேலை போச்சுங்ணா."

"உங்களால இல்லீங். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்," என்றார் அவர். அவருக்கு அழுகை வந்துவிட்டது போலிருந்தது. வேகமாகத் திரும்பி வெயிலில் நடந்து போய்விட்டார்.

அப்போதுதான் அமராவதியின் விலா எலும்புகளுக்கு அடியில் ஒன்று சூடாகத் திரண்டது. இத்தனை நாளாக அவள் உடம்புக்குள் வந்து சேர்ந்தவையெல்லாம் குளிர்ச்சியாக, ஈரமாக, நாற்றமாக, கனமாக இருந்தன. இது அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் அடியைப் போலச் சுட்டது. இதை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். யாரும் நினைவுக்கு வரவில்லை.

பி கட்டடத்தின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூண் விரிந்தது பங்குனி மாதத்து நடுப்பகலில். துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது என்று காவலாளி சொன்னார். மேலிருந்து கீழ்வரை ஓடிய அந்த விரிசலுக்குள் விரலை நுழைக்க முடிந்தது. அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. மேசையில் வைத்த ஆப்பிள் உருண்டது. எல்லோரும் சமையலை அப்படியே விட்டு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்தார்கள். கட்டடம் கட்டிய கம்பெனிக்குப் போன் பறந்தது. கம்பெனியின் பொறுப்பாளர் கிருபாகரன் வெள்ளைச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக வந்து இறங்கினார். தூணைச் சுற்றி வந்து பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"ஜாக்கி வெச்சுத் தூக்கணும். எல்லாரும் காலி பண்ணணும். மாசக்கணக்குல ஆகும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சுதர்சனத்திடம் கேட்டார்: "சார், இங்க ஒரு லேடி இருக்காங்கன்னு சொன்னாங்களே?"

அது கூட்டத்தின் காதில் விழுந்தது. அந்தக் கூட்டத்தின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அமராவதி தன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்கள் எல்லோருமாகத் திரும்பி, வழியில் நின்ற கார்களைச் சுற்றிக்கொண்டு, அலுவலகத்தை நோக்கி நடந்து வந்தார்கள். அறைக்குள் இடம் போதாது என்று அவளை நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்கள். முழங்கையில் மாட்டிய குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"அமராவதி, இங்க பாருங்கம்மா," என்றார் சுதர்சனம். "பி ப்ளாக் தூணு விட்டிருக்கு. இத்தன குடும்பம், குழந்தைங்க. உங்களால முடியும்."

"அது தூணுங்க சார்."

"தூணுதான்."

"என்ர எலும்பு விரியும்."

ஒரு குழந்தை அழுதது. லலிதகுமாரி முன்னால் வந்தாள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன, அந்தக் கலக்கம் பொய்யில்லை.

"இத்தன நாளா எங்களுக்காக எவ்வளவோ பண்ணியிருக்கீங்க. இது ஒண்ணு மட்டும் பண்ணுங்க. உங்க பொண்ணு மாதிரி எங்க பசங்கள நெனச்சுக்கங்க. ஒரு வார்த்தை."

"என்ர பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டாள் அமராவதி.

லலிதகுமாரி சுதர்சனத்தைப் பார்த்தாள். சுதர்சனம் கிருபாகரனைப் பார்த்தார்.

அமராவதி எழுந்தாள். மடங்கிய காலை நீட்ட முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள். விலாவுக்கடியில் இருந்த சூடு தொண்டை வரைக்கும் ஏறிவிட்டிருந்தது. அவள் பேச ஆரம்பித்தபோது அந்தக் குரலை அங்கே யாரும் அதற்குமுன் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை.

"இந்தத் தண்ணி யாருதுன்னு தெரியுமா மேடம் உங்களுக்கு? உங்க கூரை ஏன் ஒழுகுச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? உங்க மேல்வீட்டுல தொட்டி கட்டிக் குளிக்கணும்னு தரையக் குடைஞ்சு போட்டாரு ஒருத்தரு. வெள்ளியங்கிரியண்ணன் வேண்டாம்னு சொன்னாரு. கேக்கல. இது சுதர்சனம் சாரோட தண்ணி. எனக்கு எதுக்கு இது? கொண்டுபோங்க!"

முழங்கையில் சுற்றிய டேப் அவிழ்ந்து தரையில் விழுந்தது. கை காய்ந்திருந்தது. சுதர்சனத்தின் இஸ்திரி போட்ட சட்டையின் கை நனைந்து, கைக்கடிகாரத்தின் மேல் சொட்டியது. அவர் கையை உதறினார். மறுபடியும் சொட்டியது.

"இந்தப் புறா! பரிகாரம்னு சொல்லி தெனமும் பால்கனியில கம்பு போடறது நீங்கதான மேடம்? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எங்கிட்டக் கத்துனாங்க. உங்ககிட்டக் கேக்க அவங்களுக்குத் தைரியமில்ல!" புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு லலிதகுமாரியின் தோளிலும் தலையிலும் வந்து உட்கார்ந்தன. "லிஃப்டுல பளிங்குக் கல்ல ஏத்துனது யாரு? அஞ்சாவது மாடி சார், ஒளியாதீங்க, உங்களத்தான்!" ஐந்தாவது மாடிக்காரர் ஒரு கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட, அமராவதி இரண்டு கால்களையும் ஊன்றி நிமிர்ந்து நின்றாள். தொட்டியை நாற வைத்தவர்கள் கழிப்பறைக்குள் எதையெதையெல்லாம் போட்டு அமுக்கினார்கள் என்று அவள் சபைக் கூச்சம் பார்க்காமல் சொன்னாள். அந்த நாற்றம் வீடுவீடாகப் பிரிந்து, அவரவர் உடையில் போய் ஒட்டிக்கொண்டது. பாசி போயிற்று, உருண்ட உரல் போயிற்று, பற்களின் ரீங்காரம் போயிற்று. அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரை விரலை நீட்டிக் காட்டி, உடம்பு முழுவதையும் துடைத்துக் கொடுத்தாள்.

"ஆவுடையப்பன் அய்யாவோட மணி," என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது யாருதுன்னு எனக்குத் தெரியல. ஒருத்தருது இல்ல. நீங்க எல்லாருமே வெச்சுக்குங்க."

அந்த நிமிஷத்தில் இரண்டு கட்டடங்களிலும் இருந்த அத்தனை அழைப்பு மணிகளும் செத்துப்போயின. அதற்கப்புறம் அங்கே யாராவது யார் வீட்டுக்காவது போக வேண்டுமென்றால் கதவைக் கையால் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்படிக் கூப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் வழியில் இருக்கிற எல்லாக் கதவுகளையும் தட்டிக்கொண்டே போனார்கள், ஆவுடையப்பன் நாளுக்குப் பலமுறை எழுந்து வந்து கதவைத் திறந்து அவர்களைத் திட்ட வேண்டியிருந்தது.

கடைசியாக அவள் கிருபாகரன் பக்கம் திரும்பினாள்.

"தூணு என்கிட்ட வராது. நான் வாங்க மாட்டேன். கட்டுனது நீங்க. உள்ள என்ன போட்டீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். இத்தன உசுரு மேல நிக்குது. இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

கிருபாகரன் கைகளைக் கூப்பாத குறையாகச் சிரித்தார். கோபமாகப் பேசுகிறவர்கள் முன்னால் நின்று நின்று அவருக்கும் வாயில் ஒரு பதில் பழகிப்போயிருந்தது. அவர் யோசிக்கவேயில்லை.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

தூண் வழுவழுவென்று மூடிக்கொண்டது. கிருபாகரனின் கழுத்துப்பட்டைக்குக் கீழிருந்து ஒரு கோடு இறங்கியது. வெள்ளைச் சட்டையின் உள்ளிருந்து சிமெண்டுத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. கூட்டம் தூணைத் திரும்பிப் பார்த்தது. "சரியாயிடுச்சு!" என்றார் ஒருவர். "அப்பவே சொன்னேன்ல," என்றார் இன்னொருவர். சிலர் அடுப்பு ஞாபகம் வந்து படியேறத் தொடங்கிவிட்டார்கள்.

"போகாதீங்க!" என்று கத்தினார் கிருபாகரன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, தனக்குள் எதையோ தேடுகிறவர் போலக் கண்களை மூடியிருந்தார்.

"கம்பி இல்ல," என்றார். "உள்ள கம்பியே இல்ல. எனக்குத் தெரியுது. இருக்க வேண்டிய எடத்துல இல்ல. வெளிய மூடியிருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. யாரும் மேல போகாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன், போகாதீங்க."

படியேறியவர்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். அமராவதி அவருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பல காலமாக அலுவலகக் கழிப்பறையின் கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த முகம். அவளுடைய கோபம் தணியவில்லை. ஆனால் அது இவரைத் தாண்டி எங்கேயோ மேலே பார்த்தது.

"கம்பியக் கொறைக்கச் சொன்னது நீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"அப்ப எதுக்கு வெச்சிருக்கீங்க? மேல குடுங்க. போன் போடுங்க."

"முதலாளிக்கா?" இந்த வலியிலும் அவர் பயந்தார். "அவர்கிட்ட இப்படியெல்லாம் பேச முடியாதுங்க மேடம்."

"போடுங்க. நான் பக்கத்துலதான் நிக்கறேன்."

ரேஸ்கோர்ஸ் பக்கத்துப் பங்களாவில் முதலாளி மதிய உணவை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார் போலும். போனில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிருபாகரன் திக்கித் திக்கிச் சொன்னார். தூண், கம்பி, குடும்பங்கள், குழந்தைகள். சொல்லி முடிக்குமுன்பே முதலாளியின் குரல் குறுக்கே வந்தது.

"சரி சரி, இதுக்கெல்லாமா கூப்பிடுவ? பாத்துக்கலாம், வை."

கிருபாகரன் நீளமாக மூச்சு விட்டார். அவருடைய சட்டையிலிருந்து தூள் உதிர்வது நின்றுவிட்டது. போன் இன்னும் வைக்கப்படவில்லை. அதற்குள்ளிருந்து, துணி கிழிவது போல, ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் பொழுது விடியும்போதே லாரிகள் வந்து நின்றன. ஜாக்கிகளும் இரும்புச் சட்டங்களும் இறங்கின. அதுவரைக்கும் அந்தக் குடியிருப்பின் பக்கமே எட்டிப் பார்த்திராத முதலாளி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்து, தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கம்பியும் உள்ளே போவதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு கம்பி குறைந்தாலும் அலறினார். வேலை முடியும்வரை பி கட்டடத்துக்காரர்கள் ஏ கட்டடத்து வீடுகளின் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள், சண்டை போட்டார்கள், ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றார்கள். சுதர்சனம் தன் தரையைத் தன் செலவில் உடைத்துச் சரிசெய்தார். அதற்கு வெள்ளியங்கிரியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, வேறு எவர் வந்து பூசினாலும் அவருடைய முழங்கை காயவில்லை. வெள்ளியங்கிரி நிதானமாக வந்தார், டீ கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம்தான் பையைத் திறந்தார்.

அமராவதி, தூண் விரிந்த அன்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வழியிலேயே கைபேசி மணியடித்தது, மகள் பொன்மலர். இரண்டு பேரும் சரியாகப் பேசக்கூட இல்லை, அழுதுகொண்டிருந்தார்கள்.

அலுவலகம் பூட்டியே கிடந்தது. வேறு ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள். கதையைக் கேட்டதும் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சங்கத்தின் புதிய செயலாளரும் லலிதகுமாரியும் ஒரு பழக்கூடையோடு கணபதியில் அவளுடைய வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார்கள். லலிதகுமாரியின் தலைமுடியில் ஒரு சிறகு ஒட்டியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த அமராவதி கேட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"நீங்க திரும்பி வரணும்," என்றார் புதிய செயலாளர். "எங்க மேல கோபம் இருக்கும். நியாயம்தான். மனசுல இருக்கறதச் சொல்லிடுங்க, கேட்டுக்கறோம்."

விலாவுக்கடியில் அந்தச் சூடு அப்படியேதான் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் உரியவர்களிடம் கொடுத்த அன்று இதற்கும் ஒரு சொந்தக்காரரைத் தேடிப் பார்த்திருந்தாள், கிடைக்கவில்லை, அது அவளுடையது.

"நெசமாவே கேக்கறீங்களா?" என்றாள்.

"சொல்லுங்க."

அவள் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில், அவள் கைப்பையை ஆணியில் மாட்டுவதற்குமுன்பே, ஒருவர் வந்து என்ன கத்தினார், எந்த வார்த்தையில் கத்தினார் என்பதிலிருந்து. யார் அவளை வாடி போடி என்றார்கள், காய்ச்சலில் கிடந்த நாளில் யார் வீட்டுக்கே போன் போட்டுத் திட்டினார்கள், மாமியார் செத்த அன்று சுடுகாட்டுக்குப் போன் செய்து மோட்டார் போடவில்லை என்று சொன்னது யார், எல்லாம். குரலை உயர்த்தவில்லை, எதையும் விடவுமில்லை. அவர்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். ஆமாம் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். அந்த ஒரு வார்த்தையை வாய்தவறிச் சொல்லிவிடுவோமோ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். கூடையில் இருந்த வாழைப்பழங்கள் கறுத்துக்கொண்டிருந்தன. புதிய செயலாளர் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனார். அவள் பேச்சை நிறுத்தி, அவர் கையை இறக்கும்வரை காத்திருந்தாள்.

வெயில் சாய்ந்து எதிர்வீட்டுச் சுவருக்குப் போயிருந்தது. சின்னராசு உள்ளேயிருந்து வந்து அவளுக்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அண்ணாந்து அதை முழுவதுமாகக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். எந்த இடத்தில் விட்டோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தொடர்ந்தாள்.